பதிலுக்கு வந்த கை

அறுவை சிகிச்சை படிக்கிறவர்களோடு எனக்கு என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. நான் செசி, மயக்க மருந்துப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறவள். நோயாளி ஒழுங்காக மூச்சு விடுகிறாரா என்று நாங்கள் பதறிக்கொண்டிருப்போம். இவர்கள் கத்தியும் கையுமாக நின்று "ஆரம்பிக்கலாமா, ஆரம்பிக்கலாமா" என்று நச்சரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு அமைந்த ஒரே சிநேகிதி அர்ச்சனா. அவளும் நச்சரிப்பாள்தான். ஆனால் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நச்சரிப்பாள்.

அர்ச்சனா பழவேற்காடு ஏரியில் சின்னமேட்டுக்குப்பத்துப் பெண். தோணிரேவுக் கரைக்கு அப்பால் படகில்தான் போக வேண்டும். அவளைப் பற்றி வேறு யாராவது எழுதினால் மீனவர் வீட்டுப் பெண் டாக்டரான கதையாக எழுதி எல்லோரையும் அழ வைத்துவிடுவார்கள். அவளுக்கே அது பிடிக்காது. "நான் இன்னா சர்க்கஸ்லயா ஏறி நின்னேன்? படிச்சேன், சீட்டு கெடைச்சுது" என்பாள். எனவே நான் எழுதுவது இருசம்மாள் என்ற பெண்ணின் வலது கையைப் பற்றி. அந்தக் கை நிற்குமா போகுமா என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து நாங்கள் தவித்தோம். அர்ச்சனா எப்படிப்பட்டவள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேற்படிப்பில் வேலையோடு வேலையாக ஓர் ஆய்வும் செய்து கொடுக்க வேண்டும். அதைச் சரியான தேதியில் கொடுக்காவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். எங்களில் பெரும்பாலோர் கைக்குக் கிடைத்த நோயாளிகளை வைத்து எதையோ ஒப்பேற்றி, பைண்டு செய்து கொடுத்துவிட்டுத் தலைமுழுகுவோம். அர்ச்சனா அப்படிச் செய்யவில்லை. டியூட்டி முடிந்து மற்றவர்கள் படுக்கையைத் தேடிப் போகும்போது இவள் மீஞ்சூர் ரயிலைப் பிடித்து ஊருக்கு ஓடுவாள். காரணம் கெளுத்தி மீன்.

வலையில் சிக்கிய கெளுத்தியை எடுக்கும்போது அதன் முள் விரலில் குத்தும். குத்திய இடத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். விரலை மடக்குகிற தசைநாணைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதற்குள் சீழ் பிடித்தால் விரல் வீங்கி, பிறகு ஆறினாலும் மடங்காமல் நின்றுவிடும். அறுத்துக் கழுவிச் சுத்தம் செய்த பிறகு என்ன செய்வது என்பதுதான் அர்ச்சனாவின் கேள்வி. கட்டுப் போட்டு அசையாமல் வைப்பது பழைய வழக்கம். மறுநாளே விரலை ஆட்ட வைத்தால் நன்றாக மடங்கும் என்பது அவள் நம்பிக்கை. சீழ் உள்ளே மிச்சம் இருந்தால் ஆட்ட ஆட்டப் பரவுமோ என்பது பயம். எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஏரிப்பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்குக் கட்டு, பாதிப் பேருக்கு ஆட்டம். இருசம்மாள் ஆட்டச் சொல்லப்பட்டவள்.

ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. ஆராய்ச்சி செய்கிறவளே அளந்தால் கண் தனக்குச் சாதகமாகப் பார்க்கும். அதனால் விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். யாருக்கு என்ன வைத்தியம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. எங்கள் மருத்துவமனையில் பிசியோதெரபி செய்யும் மீஞ்சூர்க்காரர் மூர்த்தி சார், மறுபரிசோதனை நாளில் குப்பத்துக்குப் போய் ஓர் அறையில் உட்காருவார். அவருக்குப் பெயர்கூடத் தெரியாது. எண் எழுதிய ஓர் அட்டையும் ஒரு கையும் அவர் முன்னால் வரும், அவ்வளவுதான். ஊரில் அத்தனை முகமும் தெரிந்த ஒரே டாக்டர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரக் கூடாது என்று விதி எழுதினாள் அர்ச்சனா. அவளே எழுதி அவளே கட்டுப்பட்டாள்.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. ஆட்டிய விரல்கள் எல்லாம் அழகாக மடங்கின. அறுவை சிகிச்சைப் பிரிவின் சீஃப் டாக்டர் தேசப்பன் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அவரே, "இதை டெல்லி மாநாட்டில் வாசி" என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனா என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாள். நான் போனது நண்டுக் குழம்புக்காக. பொய் சொல்வானேன்.

இலையில் சோறு விழுந்தபோது கோமளா வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, இருசம்மாளின் நாத்தனார். குழம்புச் சட்டியை இறக்கி வைத்த அவள் கையை நான் சும்மா பார்த்தேன். நடுவிரலின் குறுக்கே ஒரு தழும்பு.

"இன்னா டாக்டரம்மா அப்டி பாக்குற?" என்று சிரித்தாள். "இந்தக் கைதான் உன் சிநேகிதிய பாஸ் பண்ண வெக்கப் போவுது."

அர்ச்சனாவும் சிரித்தாள். "நீ என் கேஸே இல்லியேக்கா. உனக்கு எப்ப முள்ளு குத்துச்சு?"

"எனக்கு எங்க குத்துச்சு? இது நண்டு கடிச்ச பழைய காயம். இருசாவுக்குப் பதிலா நான் போய் காட்டினேன். அன்னிக்கு அவ கை கொஞ்சம் பேஜாரா கீதுன்னா. அதுக்காவ பாடு வுட்டுப் போவலாமா?"

பாடு என்றால் என்ன என்று நான் கேட்டேன். எனக்குச் சொன்னது கோமளாதான். அர்ச்சனா பேசும் நிலையில் இல்லை. ஏரியில் மீன் அதிகம் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடி. எனவே இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைத்து இறங்குவார்கள். அந்த முறைதான் பாடு. முறை வந்த நாளில் ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் தம்பியோ மச்சானோ இறங்கலாம். வலை யார் போட்டாலும் பாடு அவனுடையதுதான். அதைக் குறை சொல்ல ஆளில்லை. மறுபரிசோதனை அட்டையையும் இவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முறை வந்துவிட்டது, ஆள் வர முடியவில்லை, வீட்டிலிருந்து இன்னொரு கை போயிற்று. அந்த ஊரில் தழும்பு இல்லாத கையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மூர்த்தி சாருக்கு எப்படித் தெரியும்?

"பேஜாருன்னா எப்டி?" என்றாள் அர்ச்சனா. அவள் குரலே மாறியிருந்தது.

"வீக்கம்தான். அவ அம்மா வூட்டுக்குப் போய்க்கீறா, ஏரிக்கு அந்தாண்ட. நேத்து போன்ல பேசினேன். ஜுரம்னா."

அர்ச்சனா இலையை விட்டு எழுந்தாள். "நைனா, படகை எடு."

அவளுடைய அப்பா அங்கமுத்து மறுபேச்சுப் பேசாமல் துடுப்பையும் டீசல் கேனையும் எடுத்துக்கொண்டார். வாடைக்காற்று எதிரே அடித்தது. பாதி ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக் குறைந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். என் புதுச் சுடிதார் இடுப்புவரை சேறு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை; காற்றின் மேல், சேற்றின் மேல், நல்ல மனசோடு முட்டாள்தனம் செய்யும் இந்த ஊரின் மேல்.  அங்கமுத்து மகள் முகத்தைப் பார்க்கவில்லை. காற்றைப் பார்த்து ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

இருசம்மாள் தன் அம்மா வீட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை. நான் இடது கையில் நாடி பிடித்தேன். பிடித்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது, பயம் வந்துவிட்டது. நாடி அப்படி ஓடியது.

"கையக் காட்டுக்கா."

"ஒண்ணும் இல்ல அர்ச்சனா. ஊசி போட்டுகினேன். ரெண்டு நாள்ல போயிடும்."

அர்ச்சனா முந்தானையை விலக்கினாள். உள்ளங்கை குழியே இல்லாமல் உப்பியிருந்தது. நடுவிரல் கறுத்து வளைந்து கிடந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு சிவப்புக் கோடு. விரலை லேசாக நிமிர்த்தியதும் இருசம்மாள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் ஓடி வந்தது.

"ஏன்க்கா சொல்லல? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஆட்டச் சொன்னே. ஆட்டினேன். நோவு தாங்கல, அப்பவும் ஆட்டினேன்." இருசம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "ஆட்டினவங்களுக்கெல்லாம் நல்லாகிப் போச்சு, எனக்கு மட்டும் இப்டி ஆச்சுன்னா உனக்கு மார்க்கு போயிடும்னாங்க. எம்மால உன் படிப்பு கெடணுமா?"

அர்ச்சனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அப்புறம் அழுடி. எழுந்திரு. ராத்திரி தாண்டினா கை இல்ல, உயிருக்கே உத்தரவாதம் இல்ல." அவள் எழுந்தாள்.

மறுபடியும் படகு, பழவேற்காடு கரையில் ஆம்புலன்ஸ். மீஞ்சூரை நெருங்கும்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சைரன் அலறியும் ஒருவனும் நகரவில்லை. நான் இறங்கி ஒரு லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்; அவன் பாவம், தனக்கு முன்னால் நின்ற லாரியைக் காட்டினான். உள்ளே அர்ச்சனா இருசம்மாளின் கையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். வலையிலிருந்து மீனும் நண்டும் பிரித்துப் பிரித்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய கை அது. அர்ச்சனா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"செசி, இது ஒருத்திதானா? இன்னும் எத்தனை பேரு வூட்ல கைய மூடிகினு உக்காந்திருக்காங்களோ?"

 அதுவரை அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

மருத்துவமனையில் சீஃப் காத்திருந்தார். இருசம்மாளின் உடம்பு முழு மயக்கத்தைத் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். தோளுக்கு மேலே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்தேன். அதனால் அவள் விழித்திருந்தாள். முகத்துக்கு முன்னால் துணி கட்டியிருந்தது, காது கேட்கும். உள்ளங்கையைத் திறந்ததும் சீழ் பொங்கி வந்தது. நடுவிரலின் நாண் அழுகி நூல் நூலாகப் பிரிந்தது. இரத்த அழுத்தம் இறங்கியது; நான் மருந்தை ஏற்றினேன், மறுபடியும் இறங்கியது.

"விரலை எடுத்தால் கை நிற்கும்" என்றார் சீஃப். "விரலைக் காப்பாற்றப் பார்த்தால் கையே போகும். சீக்கிரம் சொல்லு."

அர்ச்சனா துணிக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்தாள். "இருசக்கா, நடுவெரல எடுக்கணும்."

இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "வலை இழுக்க முடியுமா?"

"முடியும். கஷ்டப்படணும். ஆனா முடியும்."

"அப்ப எடு."

அர்ச்சனா கத்தியை வாங்கினாள்.  விரலை எடுத்து, கழுவி, மறுபடியும் கழுவி, காயத்தைத் திறந்தபடியே கட்டினாள். நாடி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மற்ற நான்கு விரல் நுனிகளும் சிவந்து கதகதப்பாக இருந்தன. அப்போதுதான் நான் சரியாக மூச்சு விட்டேன்.

கை கழுவும் இடத்தில் சீஃப் அர்ச்சனாவிடம் பேசினார். அவர் கெட்டவர் இல்லை, நாளையும் தேதியையும் பார்த்து நடக்கிறவர்.

"அந்தம்மா மறுபரிசோதனைக்கு வரவில்லை. உண்மைதானே? 'வரவில்லை' என்று எழுதி ஆய்விலிருந்து எடுத்துவிடு. எல்லா ஆய்விலும் இரண்டு பேர் வராமல் போவது சகஜம். சமர்ப்பிக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது."

"அவங்க வரலதான் சார்" என்றாள் அர்ச்சனா. "ஆனா கை வந்துச்சே. அந்தக் கைய நாம அளந்துட்டோமே சார்."

"அதைத்தான் எடுத்துவிடச் சொல்கிறேன்."

"மத்தது எது யாரோட கைன்னு எனக்குத் தெரியாதே சார். நாளைக்கு இதப் படிச்சிட்டு ஒரு டாக்டர், பயமே இல்லாம ஆட்டச் சொல்லுவாரு. அந்த ஊர்ல ஒரு இருசம்மா இருப்பாங்க."

"தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகும். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

அவர் துண்டைத் தூக்கிக் கூடையில் எறிந்துவிட்டுப் போனார். எனக்கும் அவள் மேல் எரிச்சல்தான். ஆனால் மறுநாள் காலை அவள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பியபோது நானும் கூடவே போனேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. இன்றைக்கு யாருக்குப் பாடு என்று கூப்பிட்டுச் சொல்வதும் அங்கேதான். அர்ச்சனா நடுவில் நின்று நடந்ததைச் சொன்னாள். விரல் போனதைச் சொன்னாள். "யாருக்குப் பதிலா யாரு போய் கை காட்டினீங்கன்னு இப்பவே சொல்லுங்க. கை வீங்கிப்போய் யாராவது இருந்தா நான் இன்னிக்கே பாக்கணும்" என்றாள்.

 பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கோமளா அழுதாள், அவளுக்குத் தெரிந்தது அவள் கதை மட்டும்தான்.

"சொல்லுங்க. நான் ஃபெயிலானா ஆயிட்டுப் போறேன்."

 பிறகு கூட்டத்தின் ஓரத்திலிருந்து அங்கமுத்து எழுந்து வந்தார். அந்த ஊரில் பாடு கூப்பிடுகிறவர் அவர்தான் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"அவங்கள கேக்காத" என்றார் மகளிடம். "நான்தான் அனுப்பினேன். வர முடியாதவன் முறைக்கு வேற ஆளப் போட்டது நான்தான். உன் முறை ஒண்ணுகூட வீணாப் போவக் கூடாதுன்னு பாத்தேன்."

அர்ச்சனா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேற்றுப் படகில் அவர் ஏன் முகம் கொடுக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்திருக்கும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவர் அடி வாங்கத் தயாராக நிற்பவர் போலத்தான் நின்றார்.

"கூப்புடு நைனா" என்றாள். "பாடு கூப்புடற மாதிரி கூப்புடு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இன்னாருக்குப் பதில் இன்னார், இன்னாருக்குப் பதில் இன்னார். பெயர் வர வர ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நான் நினைத்ததைவிட அதிகம் பேர். மறுபரிசோதனை நாளில் சிலர் கடலுக்குப் போயிருந்ததால் வரவில்லை. சிலர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். லோகேஷ் என்ற இளைஞன் மட்டும் எழுந்திருக்காமல் கையை மடிக்குள் வைத்திருந்தான். அர்ச்சனா அவன் முன்னால் போய் உட்கார்ந்து கையை வாங்கிப் பார்த்தாள். வீக்கம் ஆரம்பித்திருந்தது, உள்ளங்கைக்கு வரவில்லை. அன்று மாலையே அவனுக்கு ஆபரேஷன். அவன் விரல் பிழைத்தது.

அந்தப் பருவத் தேர்வை அர்ச்சனா எழுதவில்லை. டெல்லி மாநாட்டுக்கும் போகவில்லை. நான் தேர்வு எழுதிப் பாஸானேன். அவள் எனக்கு இனிப்பு வாங்கி வந்தாள். அந்த இனிப்பைப் பார்த்ததும் அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அப்பாவோடு சில வாரம் பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள். எல்லாக் கைகளையும் மறுபடியும் அளப்பது என்று முடிவாயிற்று. கட்டுப் போட்டவர்கள், ஆட்டியவர்கள், எல்லோரும். விதி அதேதான்: மூர்த்தி சாருக்குப் பெயர் தெரியக் கூடாது, அர்ச்சனா ஊருக்குள் வரக் கூடாது. வாசலில் ஆள் பார்க்க நானும் கோமளாவும் நின்றோம். கோமளா ஒவ்வொருவர் முகத்தையும் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள்.

இருசம்மாள் நடந்து வந்தாள். தன் அட்டையைத் தானே கொடுத்தாள். மேசை மேல் வலது கையை விரித்து வைத்தாள். மூர்த்தி சார் அளவுகோலை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நடுவிரல் மடங்கும் அளவு என்று ஒரு கட்டம் இருக்கு மேடம். என்ன எழுதறது?"

நான் சொல்வதற்குள் இருசம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா, வெரலு இல்லன்னு எழுதினா அவளுக்கு மார்க்கு கொறையுமா?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "குறையலாம்" என்றேன்.

அவள் மேசை மேலிருந்த கையை மூர்த்தி சார் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

"கொறைஞ்சா கொறையட்டும்" என்றாள். "எழுது சார்."